ஒன்றாம் எண் வண்டி

ஹார்லன் பாயிண்ட், ஃபுளோரிடா
பிப்ரவரி 14, 2022

அன்புள்ள டாய்ல்,

கவரில் என் பெயரைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால் அதற்கே நன்றி. அம்மா இறந்தபோது ஒரு அட்டை அனுப்பினேன். அதற்குப் பிறகு உன் அக்கா உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

நம் தேசியக் காவல்படைப் பிரிவுக்கு இந்த வருஷம் எழுபது வயது. வரலாறு ஒன்று எழுதி அச்சடிக்க வேண்டும் என்று புதிய கர்னல் ஆசைப்படுகிறார். ஓய்வு பெற்றவர்களில் பொறுமையும் கண்பார்வையும் மிச்சமிருப்பவள் நான்தான் என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். முன்னறை முழுக்கப் பதினோரு காகிதப் பெட்டி. எல்லாம் யாரும் படிக்கலாம் என்று முத்திரை குத்தியவைதான், பயப்படாதே.

1952இல் தொலைபேசிக் கம்பி இழுக்கிற பிரிவாகத் தொடங்கினோம். பிறகு வானொலி வண்டிகள். நீயும் நானும் சேர்ந்த காலத்தில் ஏவுகணை எச்சரிக்கை வண்டிகள்: எங்கேயாவது ஏவுகணை கிளம்பியதைச் செயற்கைக்கோள் பார்த்துச் சொன்னால், பைன் காட்டுக்குள் ஒளிந்திருந்து அதை வாங்கி மேலே அனுப்புகிற வேலை. கடைசியாக 2003 ஜூன் 7, சனிக்கிழமை, விண்வெளிக் கட்டுப்பாட்டுப் பிரிவு ஆனோம். நம் செயற்கைக்கோளின் பேச்சை யாராவது இரைச்சல் போட்டுக் கெடுத்தால் அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பிடிப்பது, உத்தரவு வந்தால் எதிராளியின் பேச்சை நாமே அடைப்பது. நாலு பெயர், நாலு சின்னம். ஆட்கள் மட்டும் அதே சிப்பிக் கடைக்காரர், அதே பள்ளிப் பேருந்து டிரைவர். மாதத்துக்கு ஒரு சனி ஞாயிறு சீருடை.

எல்லாப் பக்கமும் எழுதிவிட்டேன். அந்த ஜூன் 7 மட்டும் காலியாக இருக்கிறது. உன் நினைவில் இருப்பதை நாலு வரி எழுதினால் போதும்.

இன்னொன்று. குடும்பங்களை உள்ளே விட்ட நாள் அது. உன் மனைவி ஜோலீன் கேமரா வைத்திருந்தாள். வண்டிகள் தெரிகிற படம் ஏதாவது உன்னிடம் இருந்தால் அனுப்பு. அசலையே அனுப்பு, திருப்பித் தருகிறேன்.

அக்கா
வெர்லீன்

ஓக்கிசோபி
மார்ச் 2, 2022

ஓய்வுபெற்ற மாஸ்டர் சார்ஜண்ட் வெர்லீன் டிண்டால் அவர்களுக்கு,

என் விலாசம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? என் மகளிடம் கேட்டேன். தான் கொடுக்கவில்லை என்கிறாள். அவளும் உங்கள் ரத்தம்தானே, எந்த அளவுக்கு நம்புவது என்று தெரியவில்லை. கவரின் மூடியில் பசை இரண்டு தடவை தடவியிருக்கிறது. கர்னல் படித்துத் திருத்திய பிறகு ஒட்டினீர்களா?

ஜூன் 7 பற்றி என்னிடம் என்ன கேட்க வேண்டும்? உங்கள் வாக்குமூலம் அந்தப் பதினோரு பெட்டியில் ஒன்றில் இருக்குமே. இருந்தாலும் எழுதுகிறேன். நாளைக்கு, "அவனுக்கே ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்று நீங்கள் அச்சடித்துவிடக் கூடாது.

காலையில் பயிற்சி. நான் ஒன்றாம் எண் வண்டி, நீங்கள் இரண்டாம் எண் வண்டி. பன்னிரண்டுக்கு எல்லாரும் மைதானத்துக்கு ஓடச் சொன்னார்கள், பழைய கொடியைச் சுருட்டிப் புதிய கொடியை விரிக்க. வண்டியை விட்டு இறங்கும்முன் சுவிட்சை டிஷ் பக்கத்திலிருந்து பெட்டிப் பக்கம் திருப்ப வேண்டும். மதியம் ஒரு மணிக்குத் தானாகக் கிளம்புகிற சோதனை ஒலியை அந்தப் பெட்டி விழுங்கிவிடும். திருப்பாவிட்டால் அது டிஷ் வழியாக வானத்துக்குப் போகும். வண்டிக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டேன். கொடிக்கு வணக்கம் வைத்தேன். பன்னிரண்டரைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு மகளை நீச்சல் போட்டிக்குக் கூட்டிப்போனேன். ஜோலீன் கேக் வெட்ட அங்கேயே இருந்தாள்.

மறுநாள் வாசலில் என் அடையாள அட்டையைப் பிடுங்கினார்கள். ஒரு மருத்துவக் கப்பலின் பேச்சு ஐம்பது நிமிடம் அறுந்துபோனதாம். உலகம் முழுக்கத் தேடிய இரைச்சல் நம் மைதானத்திலிருந்தே வந்ததாம். "ஒன்னாம் நம்பர் வண்டி, சுவிட்ச் டிஷ் பக்கம். சொன்னது யாருன்னு தெரியுமா? உன் சொந்த அக்கா" என்றார் தலைமையகத்திலிருந்து வந்த மேஜர். பதினெட்டு வருஷச் சேவை. இருபது முடித்தால்தான் ஓய்வூதியம்.

நீங்கள் அன்று வாயைத் திறந்ததை நான் மன்னிக்கவில்லை. இதையும் வரலாற்றில் போட்டுக்கொள்ளுங்கள்.

டாய்ல்

ஹார்லன் பாயிண்ட்
மார்ச் 11, 2022

டாய்ல்,

விலாசத்தைத் தந்தது உன் மாட்டுத்தீவனக் கம்பெனியில் போன் எடுத்த பெண். பசையை இரண்டு தடவை தடவியது நான்தான். மூடிய பிறகு ஒரு வரியை அடிக்க வேண்டியிருந்தது. கர்னல் எதையும் படிக்கவில்லை. உனக்கு 'நீங்கள்' நன்றாக வரவில்லை, விட்டுவிடு.

உன் நாலு வரிக்கு நன்றி. புத்தகத்தில் உன் பெயர் வராது. "பயிற்சிக் கருவி ஒன்றில் நேர்ந்த கவனக்குறைவால்" என்று எழுதிவிடலாம் என்று கர்னல் சம்மதித்திருக்கிறார். இதில் உனக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா? சாட்சிக்கு ஒருவர் கையெழுத்தோடு உன் சம்மதம் எழுதிக் கொடுத்தால் நல்லது.

படங்களைப் பற்றி நீ ஒன்றுமே சொல்லவில்லை. இருக்கின்றனவா? எத்தனை? வண்டிகள் எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றன? நெகட்டிவ் ஜோலீனிடம் இருக்கிறதா? அச்சுக்காரர் கேட்கிறார்.

வெர்லீன்

ஓக்கிசோபி
மார்ச் 29, 2022

வெர்லீன்,

எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

போன சனிக்கிழமை லாரிக்கு டயர் மாற்றப் போனேன். அங்கே புதிதாக ஒரு பெண், கையில் கிரீஸ், முப்பது வயதிருக்கும். சக்கரத்தின் திருகுகளை முடுக்கிவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம், "டாய்ல் பாத்துட்டியா?" என்று கேட்டாள். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டு, "பாத்தாச்சு, டாய்ல் இல்ல" என்றாள். எனக்குப் புரியவில்லை.

"யாரும்மா அது டாய்ல்?" என்றேன்.

"எங்க காவல்படையில சொல்றது சார். ஹார்லன் பாயிண்ட் பக்கம். ரொம்ப நாள் முன்ன டாய்ல்னு ஒரு ஆளு, சுவிட்ச திருப்பாம கேக் திங்கப் போயிட்டானாம். எவன்டா நம்மளக் கெடுக்குறான்னு உலகமே தேடுது, கடைசில பாத்தா நம்ம வண்டி! அதுலேர்ந்து எதுவா இருந்தாலும் ரெண்டு பேரு பாத்து, சத்தமா சொல்லணும். அதுக்குப் பேரு டாய்ல் பாக்குறது."

"அந்த ஆளு இப்ப எங்க?"

"யாருக்குத் தெரியும்? செத்திருப்பான்."

கேக் நான் தின்னவே இல்லை, வெர்லீன். ரசீதில் கையெழுத்துப் போடும்போது அவள் என் பெயரைப் பார்த்தாள். காசு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடாத குறை. கொடுத்துவிட்டு வந்தேன்.

பெயர் வராதாமே புத்தகத்தில்! பெயரைத்தான் வழக்குச்சொல் ஆக்கிவிட்டீர்களே. பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு புது ஆளும் என் பெயரைச் சொல்லித்தான் சுவிட்சைத் தொடுகிறான், நீ அங்கே பதினோரு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாய். இப்போது என் சம்மதம் வேண்டும், அதற்கு ஒரு சாட்சி வேண்டும், அசல் படம் வேண்டும், நெகட்டிவும் வேண்டும். இது வரலாறு எழுதுகிறவள் கேட்கிற கேள்வி இல்லை. நானும் நீயும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒருவன் எதை விடாமல் கேட்கிறானோ, அவன் பயம் அங்கேதான் இருக்கும்.

படங்கள் இருக்கின்றன. ஜோலீன் 2009இல் என்னைப் பிரிந்து போகும்போது செருப்புப் பெட்டியோடு விட்டுவிட்டுப் போனாள். அந்த நாளின் படத்தை நான் திறந்து பார்த்ததே இல்லை. இப்போது மேலாகக் கிடந்த கேக் படத்தை மட்டும் எடுத்து, அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மற்றவை என் வீட்டில் இல்லை, வேறு இடத்தில் வைத்துவிட்டேன். தேட ஆள் அனுப்பாதே.

டாய்ல்

ஹார்லன் பாயிண்ட்
ஏப்ரல் 6, 2022

டாய்ல்,

அந்தப் பேச்சுவழக்கை நான் தொடங்கவில்லை. நிறுத்தவும் இல்லை, அது சரிதான். கேட்கும்போதெல்லாம் அறையை விட்டு வெளியே போய்விடுவேன். அதைப் பெரிய காரியமாகச் சொல்லவில்லை.

கேக் படம் வந்தது. நான் கேட்டது இது இல்லை என்று உனக்கே தெரியும். மற்றவற்றை யாரிடம் வைத்திருக்கிறாய்? பத்திரிகைக்காரர் யாரிடமாவது பேசினாயா? போன வாரம் ஒரு ஆள் போன் செய்து, "பிரிவு வரலாறு நீங்கதானே எழுதறீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். உன் ஆளா?

அந்தப் படங்களைப் பார்க்க வேண்டாம் என்று உன்னைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் பார்த்து என்ன ஆகப் போகிறது? பழைய புண். கேட்கிறேன், அவ்வளவுதான்.

வெர்லீன்

ஓக்கிசோபி
ஏப்ரல் 20, 2022

வெர்லீன்,

போன் செய்தவன் என் ஆள் இல்லை. எனக்கு ஆளே கிடையாது.

பார்க்காதே என்று எழுதினாய். உடனே போய்ப் பார்த்தேன். மொத்தம் பதினாலு படம். பெரும்பாலும் அடுத்தவர் பிள்ளைகள். ஒன்பதாவது படத்தில் நீ காகிதத் தட்டோடு நிற்கிறாய். உனக்குப் பின்னால் இரண்டு வண்டிகளும் தெரிகின்றன. ஏணி போட்டு ஒருவன் கதவில் எண் எழுதுகிறான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பழைய எண்ணின் மேல் பச்சை அடித்து, அதன்மேல் '2' எழுதியிருக்கிறான். பாதி முடிந்துவிட்டது.

கதவுக்குக் கீழே ஒரு நசுங்கல் இருக்கிறது. அந்த நசுங்கல் என்னுடையது. 98ஆம் வருஷப் புயல் பயிற்சியில் பின்னால் எடுக்கும்போது ஓக் மரத்தில் இடித்தேன், அதற்காக ஒரு மாதம் என்னைக் கிண்டல் செய்தார்கள், நீயும்தான். நசுங்கின வண்டி ஒன்றாம் எண். என் வண்டி. அதில் ஏன் '2' எழுதுகிறான்?

பக்கத்து வண்டி உன்னுடையது. அதில் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டான், ஈரம் பளபளக்கிறது. அதில் இருப்பது '1'.

எனக்கு அந்த மேஜர்மேல்தான் சந்தேகம். எதையோ மூடி மறைக்க அவர் விளையாடியிருக்கிறார், அல்லது அவருக்கு மேலே இருந்த எவனோ. நான் பன்னிரண்டரைக்குப் போய்விட்டேன், அதன்பிறகு என்னை உள்ளே விடவே இல்லை. நீ அன்று கடைசிவரை அங்கே இருந்தாய். எண்ணை யார் மாற்றச் சொன்னது? எப்போது? மேஜருக்கு அது தெரியுமா? கண்ணால் பார்த்தவள் நீதான், அதனால் உன்னைக் கேட்கிறேன்.

டாய்ல்

ஹார்லன் பாயிண்ட்
ஜூன் 3, 2022

டாய்ல்,

ஆறு வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதாமல் இருக்கவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

எண்ணை மாற்றச் சொன்னதில் யாருடைய சதியும் இல்லை. பிரிவின் பெயர் மாறியதும் கையேடும் மாறியது. பழைய கையேட்டில் வண்டிகளை வாசல் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். புதியதில் எதிர்முனையில், டிஷ் நிற்கிற பக்கத்திலிருந்து. இரண்டே வண்டி, அதனால் ஒன்று இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. கேக் வெட்டும் நேரத்துக்குள் முடிக்கச் சொல்லி ஒருவனை ஏணியோடு அனுப்பினார்கள். கொடி மாற, பெயர் மாற, எண் மாற எல்லாவற்றுக்கும் ஒரே நாள்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, இரைச்சல் நம் மைதானத்திலிருந்துதான் என்று தெரிந்தது. என்னை ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்னார்கள். எண் '1' எழுதியிருந்த வண்டியில் ஏறினேன். சுவிட்ச் டிஷ் பக்கம் இருந்தது. திருப்பினேன். மறுநாள் காலையில் மேஜரிடம் அதையே சொன்னேன். "ஒன்னாம் நம்பர்ல காலைல இருந்தது யாரு?" என்றார். குறிப்பேட்டைப் புரட்டினார். காலையில் எழுதியது பழைய எண். அதில் ஒன்றாம் எண்ணுக்கு நேரே உன் கையெழுத்து இருந்தது.

நான் ஏறினது என் வண்டி, டாய்ல். சுவிட்சைத் திருப்பாமல் கொடிக்கு ஓடினவள் நான்.

மேஜரிடம் பேசும்போது எனக்கு இது தெரியாது. இதை மட்டும் நம்பு. ஞாயிறு சாயங்காலம் சீருடையைத் துவைக்கும்போது சட்டைக் கையில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. எங்கே பட்டது என்று யோசித்தேன். கதவைத் திறக்கும்போது பட்டது. ஈரம் காயாத '1' என்றால் காலையில் அந்த வண்டி '2' என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. குழாயை மூடாமல் நின்றேன், தொட்டி நிறைந்து காலில் வழிந்தது.

திங்கட்கிழமை போன் செய்திருக்கலாம். விசாரணை நாலு மாதம் நடந்தது, அதில் எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம். எனக்கு இருபது வருஷம் முடிய எட்டு மாதம் இருந்தது, பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது. பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. வேறு யாராவது கவனித்துச் சொல்லிவிடுவார்கள் என்று காத்திருந்தேன். நம்மவர்களில் ஒருவரும் அறிக்கையைப் படிக்கவில்லை, உன் பெயரை மட்டும் கேள்விப்பட்டார்கள். அடுத்த மாதமே புதுக் கருவி வந்து இரண்டு வண்டிகளையும் கொண்டுபோய்விட்டார்கள்.

படம் கேட்டது புத்தகத்துக்காக இல்லை. உன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கேட்டேன். நீ அசலை அனுப்பியிருந்தால் அடுப்பில் போட்டிருப்பேனா, மாட்டேனா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. நீ சந்தேகப்பட்டது சரி.

நேற்று எல்லாவற்றையும் எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். ஒன்று கர்னலுக்கு, ஒன்று உனக்கு. ராணுவச் சேவைப் பதிவுத் திருத்த வாரியத்துக்கு இதைக் காட்டினால் உன் பதினெட்டை இருபதாக்கக் கேட்கலாம். கர்னல் பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டார், புத்தகத்தை வேறொருவர் எழுதுவார். அந்தச் சோதனைக்கு இனி என் பெயரை வையுங்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "மூணு தடவ பிரிவு பேரையே மாத்தியாச்சும்மா. இது ஒண்ணு மட்டும் மாறாது. வாயில ஒட்டிக்கிச்சு."

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. பொய்க்காரியை நீ இத்தனை வருஷம் வெறுத்தது நியாயம்.

வெர்லீன்

ஓக்கிசோபி
ஜூன் 19, 2022

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எங்கே ஓட்டை என்று தேடினேன். நோட்டரி முத்திரை அசல்தானா என்று அந்த அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேட்டேன். அசல்தானாம். வாரியத்துக்கு அனுப்பிவிட்டேன், படத்தோடு. வந்தால் வரட்டும்.

நீ ஒன்றைத் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறாய். நீ பொய் சொன்னாய் என்று நான் வெறுக்கவில்லை. நீ உண்மையைச் சொன்னாய் என்றுதான் நினைத்தேன். வெர்லீன் பார்த்தேன் என்றால் பார்த்திருப்பாள். கூடப்பிறந்தவனுக்காக அன்று ஒரு நாள் வாயை மூடியிருக்கக் கூடாதா என்பதுதான் என் கோபம் எல்லாம்.

சுவிட்சைப் பெட்டிப் பக்கம் திருப்பியது என் விரலுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த 'டக்' சத்தம்கூட. ஆனால் நீ பார்த்தேன் என்றாய். விரலா, அக்காவா என்று வந்தபோது விரல்தான் பொய் சொல்கிறது என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு அந்தக் கை எதைச் செய்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஏசி ரிப்பேர் வேலையை விட்டேன், எந்த வயரை எங்கே மாட்டினேன் என்று சந்தேகம். வீட்டைப் பூட்டிவிட்டு ஒன்பது மைல் போய்த் திரும்பி வந்து அடுப்பைத் தொட்டுப் பார்ப்பேன். குழந்தையைக் காரில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, வழியில் நாலு தடவை நிறுத்துவேன். ஜோலீன் ஆறு வருஷம் பொறுத்தாள். போகும்போது சொன்னாள், "என்னை நம்ப வேணாம் டாய்ல், உன் கையையாவது நம்பேன்."

அந்த மேஜர்மேல் சந்தேகப்பட்டேன். கர்னல்மேல், தபால்காரர்மேல், பெற்ற மகள்மேல். இந்த நாலு மாதமாக நீ எதற்குக் கடிதம் எழுதுகிறாய் என்றுகூடச் சந்தேகப்பட்டேன். ஆனால் அன்று நீ பார்த்தேன் என்று சொன்னதை மட்டும் பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடச் சந்தேகப்படவில்லை.

ஒரே ஒரு நாள் சந்தேகப்பட்டிருந்தால் பிழைத்திருப்பேன், அக்கா.

டாய்ல்